சுண்ணாம்பு தடவிய முட்டி

சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகள் மூடப்பட்ட 1937 அக்டோபர் 1-ஆம் தேதியைப் பற்றி பனை ஏறிய எங்கள் அப்பாருவிடம் கேட்டால், "அன்னைக்கு ஒண்ணும் ஆகலை கண்ணு" என்பார். புரட்டாசியில் பனை பாளை விடாது. அவருக்கு உறைத்தது அடுத்த மாசியில்தான்.

முட்டிக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் ஊறுவது தெளுவு, அதாவது பதநீர். தடவாமல் கட்டினால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். மரமும் பாளையும் சீவுகிற கையும் ஒன்றுதான். அந்த மாசியிலிருந்து ஒரு கைச் சுண்ணாம்புதான் தொழிலையும் குற்றத்தையும் பிரித்தது.

திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர். அருகே புதுப்பாளையத்தில் 1925-இல் ராஜாஜி காந்தி ஆசிரமம் அமைத்தார். மதுவிலக்குக்காகவே 1929-இல் அங்கிருந்து 'விமோசனம்' வெளிவந்தது. கல்கி அதில் வேலை பார்த்தார். பத்து இதழோடு அது நின்றுபோனது. ஆனால் எட்டே ஆண்டில் அதன் ஆசிரியர் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராகிவிட்டார். முதல் சோதனைக்கு அவர் எடுத்துக்கொண்டது சொந்த ஜில்லாவை. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அன்று சேலத்துக்குள் அடக்கம்.

அதற்கு முன் அரசாங்கமே குடியின் பங்காளி. 1886-ஆம் ஆண்டு அப்காரிச் சட்டப்படி கடைகள் ஏலம் போயின. கள் இறக்கும் மரத்துக்கு மரவரி. மாகாண வருமானத்தில் ஏறக்குறைய கால்பங்கு இந்த வழியில் வந்தது. அதை விடுவதென்றால் வேறு வழி தேட வேண்டும். 1939-இல் ராஜாஜி விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தார். கள்ளுக்காசின் இடத்தை நிரப்ப வந்த வரி அது. பின்னால் 1971-இல் மதுவிலக்கு தளர்ந்தபோதும், 2003-இல் அரசே சில்லறைக் கடை நடத்தத் தொடங்கியபோதும், அந்த வரி எழுந்து போகவில்லை. இன்று மது பாட்டிலும் வரி கட்டிக்கொண்டிருக்கிறது. முப்பது வருடம் பொருளியல் பாடம் நடத்தியவன் நான். இந்த இடம் வரும்போது பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறொரு கணக்கு. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பி. ஜே. தாமஸ், சேலத்தில் மதுவிலக்கின் பொருளாதார விளைவுகளை ஆராய்ந்தார். பொருளியலாளர் கில்பர்ட் ஸ்லேட்டர் முன்பு ஆய்வு செய்த தென்னிந்திய கிராமங்களுக்கு மறுபடி போய்க் கணக்கெடுத்தவரும் அவர்தான். குடி பாவமா என்பதை மேடைப் பேச்சாளர்களுக்கு விட்டுவிட்டு, குடிக்காமல் மிஞ்சிய காசு எங்கே போனது என்று கேட்டார். குடும்பங்களின் வரவு செலவைப் பார்த்தால் உணவுக்கும் துணிக்கும் கூடுதலாகச் செலவாகியிருந்தது. கடன் வாங்குவது குறைந்திருந்தது. மதுக் கொள்கையை வீட்டு அடுப்பிலிருந்து அளந்த இப்படியோர் ஆய்வு அந்தக் காலத்துக்குப் பெரிய காரியம்.

என் மாணவர்களிடம் அதில் ஓட்டை தேடச் சொல்வேன். சட்டம் வந்த சூட்டோடு எடுத்த கணக்கு பத்து வருடம் தாங்குமா? பக்கத்து ஜில்லாவை ஒப்பிட்டால் என்ன தெரிந்திருக்கும்? குமாரபாளையத்திலிருந்து காவிரியைக் கடந்தால் பவானி, அது கோயம்புத்தூர் ஜில்லா, அங்கே கடை திறந்தே இருந்தது. கள்ளுக்கடையை மூடிய சர்க்காரின் காலத்தில் ஒரு படித்தவர் நோட்டோடு வந்து "இப்போது குடிக்கிறாயா?" என்று கேட்டால் யார் உண்மை சொல்வார்கள்? இவையெல்லாம் நியாயமான கேள்விகள். அப்படியும் அந்த ஆய்வை நான் தள்ளிவிடுவதில்லை. சம்பள நாளில் புருஷனைக் கடை வாசலிலிருந்து இழுத்துவந்த பெண்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அவர்கள் அடுப்பில் கூடுதலாக ஒருபிடி அரிசி வெந்தது பொய்யல்ல.

இரண்டாம் உலகப் போரின் நடுவே மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. போர் முடிந்து படிப்படியாகத் திரும்பி, 1948 அக்டோபர் 2-இல் மாகாணம் முழுக்கப் பரவியது. மரம் ஏறுகிறவர்களுக்குக் கருப்பட்டிக் கூட்டுறவுச் சங்கங்கள் வைத்தார்கள். எங்கள் வீட்டிலும் அப்பத்தா வாணலியில் தெளுவைக் காய்ச்சினாள். கள் இறக்கிய அன்றே காசாகிவிடும். கருப்பட்டிக்கு விறகு வேண்டும், பாகு பதம் பார்த்துக் கிண்டுகிற கை வேண்டும், வியாபாரி வருகிறவரை பொறுமையும் வேண்டும்.

எம்.ஏ. படித்த காலத்தில், தாமஸைப் படித்த சூட்டில், விடுமுறைக்கு வந்தவன் திண்ணையில் உட்கார்ந்து அப்பத்தாவிடம் அதே கேள்வியைக் கேட்டேன். "கடை மூடுனப்பறம் அந்தக் காசெல்லாம் எங்க போச்சு அப்பத்தா?"

புளியங்கொட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"மத்த ஊட்டுல அரிசியாச்சு, சீலையாச்சு. நெசந்தான், நானே பாத்தேன். நம்மூட்டுக்கு வந்துட்டிருந்த காசே அந்தக் காசுதானே சாமி."

அப்பாரு உள்ளேயிருந்து, "அவன் பரிச்சைக்குக் கேக்கறான்" என்றார்.

"அப்ப இதையுஞ் சேத்து எழுதச் சொல்லுங்க" என்றாள்.

பரீட்சையில் நான் எழுதவில்லை.