யானைகள் வாழ்ந்த மாளிகை

மன்னரின் பெருமையை அவர்தம் அரண்மனைகள் பறைசாற்றும் என்பர். விசயநகரத்திலோ மன்னர் வாழ்ந்த மாளிகைகள் மறைந்துபோயின. யானைகளுக்கென எழுப்பப்பட்டதாகக் கருதப்படும் கொட்டாரமே இன்றும் நிமிர்ந்து நிற்கின்றது. இதற்குக் காரணம் யாது? வரலாறு பயில்வோர் எண்ணிப் பார்க்கத்தக்க வினா இது.

கருநாடக மாநிலத்தில் துங்கபத்திரை ஆற்றின் தென்கரையில் உள்ளது ஹம்பி. விசயநகரப் பேரரசின் தலைநகர் அங்குதான் செழித்திருந்தது. தாமரை மகால் அமைந்துள்ள மதிற்சுற்றுக்கு வெளியே, மேற்கு நோக்கி நீண்டு நிற்பது யானைக் கொட்டாரம். ஒரே வரிசையில் 11 கூடங்கள். ஒவ்வொன்றின் முகப்பிலும் உயர்ந்த வில்வளைவு வாயில். நடுக்கூடத்தின்மேல் சிதைந்த மேல்மாடம் ஒன்று காணப்படுகின்றது. அதன் இருமருங்கும் ஐந்தைந்து குவிமாடங்கள். சில வழவழப்பானவை, சில மடிப்பு மடிப்பாய் அமைந்தவை, சில பட்டை தீட்டியவை. ஆயினும் வலப்புறம் உள்ள வடிவங்களே இடப்புறமும் முறைமாறாது அமைந்திருப்பதால் கண்ணுக்கு ஒழுங்கு தோன்றுகிறது.

விசயநகரக் கோயில்கள் தூண் நிறுத்தி, உத்தரம் ஏற்றி, கற்பலகை பரப்பும் தென்னாட்டு முறையில் எழுந்தவை. அம்முறையில் கூடம் விரிய விரியத் தூண்களும் பெருகும். மனிதர் தூண்களுக்கிடையே நடக்கலாம். மலைபோன்ற களிறு திரும்புமா? அதற்குத் தூணற்ற வெளி வேண்டும். அந்த வெளியைத் தருவன வில்வளைவும் குவிமாடமும். அவை அண்டை நாடான பாமினி சுல்தான்களின் கட்டடங்களில் சிறந்து விளங்கிய கலை. தேவைக்கு ஏற்ற கலையை விசயநகரத்தார் தயங்காது ஏற்றனர்.

இஃது ஒரு கட்டடத்தோடு நின்ற போக்கன்று. இரண்டாம் தேவராயர் தம் படையில் இசுலாமிய வீரர்களைச் சேர்த்துக்கொண்டார். அவருடைய அலுவலரான அகமது கான் 1439இல் எழுப்பிய தொழுகைக் கட்டடமும் அந்நகரில் உள்ளது. இரு சமயத்தாரும் ஓயாது பகைத்தே வாழ்ந்தனர் என்று கூறுவோர்க்கு இக்கட்டடங்களே மறுமொழி.

1443இல் பாரசீகத்திலிருந்து தூதராக வந்த அப்துர் ரசாக், அந்நகரின் யானைகளுக்குத் தனித்தனிக் கூடங்கள் இருந்தன என்றும், அவற்றின் கூரை வலிய மரங்களால் ஆனது என்றும் எழுதியுள்ளார். அந்த மரக்கூரைகள் இன்றில்லை. அரண்மனைகளும் கல் அடித்தளத்தின்மேல் மரத்தூண் நாட்டிக் கட்டப்பட்டவையே. 1565இல் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் தோற்றது, தலைநகர் சூறையாடப்பட்டது. தீயும் காலமும் மரத்தை உண்டன, அடித்தளங்களே எஞ்சின. கல்லாலும் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆன கொட்டாரமோ பிழைத்தது. யானைக்காகத் தேர்ந்த கட்டுமுறையே கட்டடத்தையும் காத்தது எனலாம்.

அக்கலை அந்நகரோடு மடியவில்லை. விசயநகரத்தின்கீழ்த் தோன்றிய மதுரை நாயக்கர் மரபில் வந்த திருமலை நாயக்கர் 1636இல் எழுப்பிய அரண்மனையிலும் வில்வளைவும் குவிமாடமும் பொலிகின்றன. கோலாலம்பூரில் 1897இல் கட்டிமுடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமது மாளிகையைக் காணும் நம் மாணவர்க்கும் இவ்வடிவங்கள் புதியன அல்ல. அங்கே ஆங்கில ஆட்சியினர் இவற்றைத் தம் அலுவலகத்திற்கு அணியாக்கினர்; விசயநகரத்தாரோ பயன் கருதி ஏற்றனர்.

யானையைக் கட்டும் தறியைக் 'கந்து' என்றும் 'வெளில்' என்றும் பெயரிட்டு வழங்கியது சங்கத் தமிழ். ஒரு தறியில் தொடங்கிய அத்தேவை, ஹம்பியில் 11 கூடங்களாக விரிந்தது. போர்களையும் மன்னர் பெயர்களையும் மட்டும் மனனம் செய்வது வரலாறாகாது. ஒரு சுவர் ஏன் இவ்வாறு எழுந்தது, ஒரு கூரை ஏன் வளைந்தது என்று வினவத் தொடங்கும் மாணவனே வரலாற்றைக் கற்கத் தொடங்குகிறான்.