பழைய கணினித் திரை ‘மினுக் மினுக்’ என்கிறதா? தூக்கிப் போடும் முன் இதைப் பாருங்க

ஈப்போ தாமான் வீடோ, சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டமாக இருந்த இடத்து வீடோ, அண்ணனும் அக்காவும் பயன்படுத்திய பழைய மானிட்டரில்தான் உங்கள் படிப்பும் ஓடுகிறதா? அது மினுங்கினால் உடனே புதுசு வாங்க ஓட வேண்டாம். கோளாறு மானிட்டரில் இருக்கலாம், கேபிளில் இருக்கலாம், வீட்டுக் கரண்டிலும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்து.

முதலில் எதைப் பார்ப்பது?

மானிட்டரின் மெனு பட்டனை அழுத்துங்கள். மெனுவும் சேர்ந்து மினுங்கினால் கோளாறு மானிட்டரிலோ அதற்கு வரும் மின்சாரத்திலோ இருக்கலாம். மெனு மட்டும் அசையாமல் நின்றால் கேபிளையும் கணினியையும் கவனியுங்கள். இரண்டையும் அணைத்துவிட்டு, விஜிஏ கேபிளைக் கழற்றி மாட்டி, இரு பக்கத் திருகையும் இறுக்குங்கள்.

அதற்கும் சரியாகலையா? விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். அதுவும் மினுங்கினால் டிஸ்பிளே டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். அது மட்டும் நிலையாக இருந்தால் ஏதோ ஒரு செயலிதான் காரணம்.

குண்டு மானிட்டர் என்றால்?

சிஆர்டி மானிட்டர் நொடிக்குப் பல முறை படத்தைத் திரும்பத் திரும்ப வரைகிறது. 60 ஹெர்ட்ஸ் வேகத்தில் அந்த மினுக்கம் பலர் கண்ணுக்குத் தெரியும். மானிட்டர் தாங்கும் என்றால் டிஸ்பிளே செட்டிங்கில் 75 அல்லது 85க்கு மாற்றுங்கள்.

படம் அலை போல ஆடுகிறதா? பக்கத்தில் உள்ள ஸ்பீக்கர், மேசை விசிறி, அடாப்டரைத் தள்ளி வையுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அவற்றின் காந்தப்புலம் 60 ஹெர்ட்ஸ் படத்தைத் தொட்டால், நொடிக்கு 10 தடவை ஆட்டம் காட்டும்.

கைப்பேசி வீடியோவில் தெரியும் கறுப்புப் பட்டை கோளாறு அல்ல.

தட்டை மானிட்டர் என்றால்?

எல்சிடிக்கு 60 ஹெர்ட்ஸ் போதும். பழைய எல்சிடி பலவற்றில் படத்துக்குப் பின்னால் எரிவது மெல்லிய ஃப்ளோரசென்ட் குழாய். திரை இரண்டு நொடி எரிந்து இருண்டால் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால், அந்தக் குழாயோ அதற்கு மின்சாரம் தரும் பகுதியோ போய்விட்டது. உள்ளே கெப்பாசிட்டர் உப்பியிருப்பதும் வழக்கமான காரணம்.

எதுவானாலும் நீங்களே திறக்காதீங்க. சிஆர்டிக்குள் 20,000 வோல்ட்டுக்கும் மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மிச்சம் தங்கியிருக்கும்.

வீட்டு விளக்கும் சேர்ந்து மினுங்குகிறதா?

அப்படியென்றால் மானிட்டர் மேல் பழி போடாதீங்க. மலேசியாவில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். சுமார் 216 முதல் 253 வரை ஏறி இறங்க அனுமதி உண்டு. ஆனால் விளக்கு அடிக்கடி மங்கிப் பிரகாசித்தால், எங்கோ வயர் தளர்ந்திருக்கலாம். அது சூடேறித் தீப்பிடிக்கலாம்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டிலும் அப்படியா என்று கேளுங்கள். அங்கேயும் என்றால் தெனாகா நேஷனலின் 15454 எண்ணை அழையுங்கள். உங்கள் வீட்டில் மட்டும்தான் என்றால் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

சரி செய்யவே முடியலையா?

குப்பைத் தொட்டியில் போடாதீங்க. சிஆர்டி கண்ணாடியில் ஈயமும், பழைய எல்சிடி குழாயில் பாதரசமும் உண்டு. மின்னியல் கழிவுகளைப் பெறும் அங்கீகரிக்கப்பட்ட மையத்திடம் கொடுங்கள்.