ஓட்ஸ் பெட்டிக்குள் பூமியின் நடு

கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் அறிஞர்களின் சிலைகள் நிற்கின்றன. நெடுங்காலம் அங்கே ஆண்கள் மட்டும்தான். 2017இல் ஒரு பெண் அறிஞருக்கும் நினைவுச்சின்னம் வைத்தார்கள். அவர் பெயர் இங்கே லேமன். அந்தப் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். பூமியின் நடுவில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்தவருக்கு "இங்கே" என்ற பெயர் பொருத்தம்தானே!

1888இல் பிறந்த லேமன், ஹன்னா ஆட்லர் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தார். ஹன்னா, இயற்பியலாளர் நீல்ஸ் போருக்குப் பெரியம்மா. அங்கே ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஒரே படிப்பு. வெளியுலகம் அப்படி இல்லை என்பதை லேமன் பிறகுதான் அறிந்தார்.

1910இல் கணிதம் படிக்கக் கேம்பிரிட்ஜ் போனார். அளவுக்கு மீறி உழைத்து, களைத்து, அடுத்த வருடமே வீடு திரும்பினார். பிறகு பல வருடங்கள் காப்புறுதிக் கணக்குப் பார்க்கும் அலுவலகத்தில் வேலை. பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 32.

இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்தினேன். நானும் ஒரு வருடம் படிப்பை நிறுத்தியவன். அதை உறவினர்களிடம் சொல்ல அம்மா கூச்சப்பட்ட நாட்கள் இன்னும் நினைவிருக்கின்றன. ஆனால் லேமன் அந்த அலுவலகத்தில் நீண்ட கணக்குகளைப் பிழையில்லாமல் போடப் பழகியிருந்தார். பின்னால் அதுதான் கைகொடுத்தது.

1925இல் டென்மார்க்கிலும் கிரீன்லாந்திலும் நிலநடுக்கப் பதிவு நிலையங்கள் அமைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். 1928இல் அந்தத் துறைக்குத் தலைவரானார். கருவிகளைக் கவனிப்பதும் பதிவுகளை வெளியிடுவதும்தான் அவருடைய கடமை. ஆய்வைத் தன் விருப்பத்தில் செய்தார்.

நிலநடுக்கத்தின் அலைகள் பூமிக்குள்ளால் பயணம் செய்யும். ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் கருப்பகுதி தொடங்குகிறது. அங்கே அலைகள் வளைந்துவிடுவதால், பூமியின் மறுபக்கத்தில் ஒரு வளையப் பகுதிக்கு அவை வந்து சேரக் கூடாது. அதை நிழல் வலயம் என்பார்கள். 1929 ஜூன் 17 அன்று நியூசிலாந்தின் மர்ச்சிசன் பகுதியில் பெரிய நிலநடுக்கம் வந்தது. 17 பேர் இறந்தார்கள். அதன் அலைகள் நிழல் வலயத்துக்குள் இருந்த நிலையங்களிலும் மெல்லிய கோடுகளாகப் பதிவாகியிருந்தன.

முன்பும் அப்படி வந்ததுண்டு. கருவின் ஓரத்தில் வளைந்து வந்த அலைகள் என்று அவற்றுக்கு விளக்கம் சொன்னார்கள். லேமனுக்கு அது போதவில்லை. கணினி இல்லாத காலம். நிலநடுக்க விவரங்களை அட்டைகளில் எழுதி, வெறும் ஓட்ஸ் பெட்டிகளில் அடுக்கி, தோட்டத்து மேசையில் வைத்து அவர் வேலை செய்ததை உறவினர் ஒருவர் நினைவுகூர்ந்திருக்கிறார். கருவுக்குள் இன்னொரு கரு இருந்து, அதில் அலை வேகமாகப் போனால்? கணக்குப் போட்டார். அந்தக் கோடுகள் பொருந்தின.

1936இல் கட்டுரை வெளியானது. தலைப்பு ஒரே ஓர் ஆங்கில எழுத்து, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. அப்போது அவருக்கு 48 வயது. சில ஆண்டுகளுக்குள் குட்டன்பெர்க், ரிக்டர், ஜெஃப்ரீஸ் போன்ற பெரிய அறிஞர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அந்த உட்கரு திடமானது என்பது 1971இல் உறுதியானது. அதன் ஆரம் ஏறத்தாழ 1,220 கிலோமீட்டர். அதைச் சுற்றியுள்ள உருகிய இரும்பின் ஓட்டம்தான் பூமியின் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. இன்று அதை ஆராய்பவர்கள் எல்லோரும் லேமனின் உட்கருவிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

1953இல் ஓய்வு பெற்றார். ஆனாலும் ஓயவில்லை. அமெரிக்காவுக்குப் போய் ஆய்வைத் தொடர்ந்தார். 220 கிலோமீட்டர் ஆழத்தில் அலைவேகம் மாறும் எல்லைக்கு இன்று அவருடைய பெயர். 1971இல் அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியத்தின் போவி பதக்கத்தைப் பெற்ற முதல் பெண்ணும் அவரே. 1993இல் 104 வயதில் காலமானார்.

அடுத்த முறை யாராவது "இன்னும் படிப்பு முடியவில்லையா?" என்று கேட்டால், இந்த ஓட்ஸ் பெட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.