கணனியின் உறக்கம்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

உழைப்பின் பெருமையைப் பேசுவார் பலர். உழைப்பில்லா வேளையில் எவ்வாறிருத்தல் வேண்டும் என்று ஆராய்வார் சிலரே. இவ்வினா மனிதருக்கு மாத்திரமன்று, கணனிக்கும் உண்டு. வங்கிக் கணக்குகளையும் மருத்துவமனைப் பதிவுகளையும் காக்கும் சேவையகக் கணனிகள் இரவு பகலாய்க் காத்திருப்பன. அவற்றுட் பல லினக்ஸ் என்னும் திறந்தமூல இயக்க முறைமையைக் கொண்டவை. வேலை வராத கணத்தில் அவற்றின் மூளையாகிய புரொசசர் யாது செய்கின்றது?

1978ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட 8086 புரொசசரிலேயே, அழைப்பு வரும்வரை வாளாவிருக்கச் செய்யும் 'நில்' என்னும் கட்டளை இருந்தது. 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21 என்பதை நம் வாலிபர்கள் கருத்திற் கொள்வார்களாக.

1996 டிசம்பரில் இன்ரெல், மைக்ரோசொப்ற், தொசிபா ஆகிய நிறுவனங்கள் 'ஏசிபிஐ' என்னும் பொது விதிமுறையை வெளியிட்டன. அதன்படி சீ0 விழிப்பு நிலை. சீ1, சீ2, சீ3 என்பன ஒன்றினொன்று ஆழ்ந்த உறக்க நிலைகள். சித்தாந்த நூல்கள் ஆன்மாவின் அவத்தைகளைப் படிப்படியாய் வகுத்தமை இங்கு நினைவுக்கு வரும். உறக்கம் ஆழ ஆழ மின்செலவு குறையும். விழித்தெழும் நேரமோ கூடும்.

ஆயினும் லினக்ஸ் நெடுங்காலம் புரொசசரை உறங்கவிடவில்லை. அதன் கடிகாரத் துடிப்பு, வேலையிருப்பினும் இல்லாவிடினும், செக்கனுக்கு நூறு முதல் ஆயிரந் தடவை அதனைத் தட்டியெழுப்பியது. 2007இல் வெளிவந்த 2.6.21ஆம் பதிப்பு, ஓய்வு வேளையில் அத்துடிப்பை நிறுத்த வழிசெய்தது. 2008இல் வந்த 2.6.24ஆம் பதிப்பு, வரப்போகும் ஓய்வின் நீளத்தை முன்கணித்து, தக்க உறக்க நிலையைத் தெரிவுசெய்யும் அமைப்பைச் சேர்த்தது.

இதன் அவசியம் யாது? கூகிள் நிறுவனத்தைச் சேர்ந்த பரோசோ, ஹொல்ஸ்லே என்னும் இருவர் 2007இல் எழுதிய கட்டுரையொன்றில், சேவையகங்கள் பெரும்பாலும் தம் ஆற்றலில் 10 முதல் 50 வீதம் வரையே பயன்படுகின்றன என்றும், சும்மா இருக்கும்போதும் உச்ச மின்செலவின் பாதியளவை விழுங்குகின்றன என்றும் காட்டினர். வேலையின்றியே இத்துணை வீண்செலவு!

அவ்வாறாயின் எப்போதும் ஆழ்ந்துறங்கச் செய்யலாமே எனின், அதுவும் பிழையாம். 2017இல் வந்த இன்ரெல் சேவையகப் புரொசசர்களுக்கு லினக்ஸ் குறித்துவைத்துள்ள கணக்கின்படி, சீ1இலிருந்து எழ 2 மைக்ரோ செக்கன் போதும். சீ6இலிருந்து எழ 133 வேண்டும். 600 மைக்ரோ செக்கனாவது உறங்காவிடின் சீ6ஐ நாடுவது நட்டமே. இதனால், கணப்பொழுதும் தாமதிக்க இயலாத பங்குச்சந்தைக் கணனிகள் போன்றவற்றில் ஆழ்ந்த உறக்கத்தைத் தடுத்து வைப்பாருளர். ஆனால் அளந்து பாராது எல்லாக் கணனிகளிலும் அவ்வாறு செய்வோர் மின்சாரத்தை வீணாக்குவதோடு வேகத்தையும் இழக்கக்கூடும். ஏனெனில், ஒரே புரொசசரில் சில கருக்கள் ஆழ்ந்துறங்கினால், மிச்சமாகும் மின்வலுவைக் கொண்டு விழித்திருக்குங் கரு இன்னும் விரைந்து உழைக்கும். ஒருவர் ஓய்வு மற்றவருக்கு ஊக்கமாகின்றது.

2019இல் 5.1ஆம் பதிப்பு மற்றுமொரு கணிப்பு முறையைச் சேர்த்தது. ஆய்வு இன்னும் முடிந்தபாடில்லை. இக்கணக்குகள் யாவும் திறந்த மூலத்தில் உள்ளமையால் எவரும் வாசிக்கலாம். பிழை கண்டால் திருத்தமும் அனுப்பலாம். உறங்காமை ஒன்றே கடமையன்று. அழைப்பு வருங் காலமறிந்து உறங்கி, வந்தவுடன் எழுதலே கடமை. இதனைப் பொறிக்குக் கற்பிக்க மனிதருக்குப் பல ஆண்டுகள் சென்றன. நாமும் கற்போமாக.