கோடு நின்ற இடத்தில் காற்புள்ளி

அக்காலத்தில் தோட்டத்துக் கிராணியார் எழுதிய செக்ரோல் புத்தகத்தில், பெயருக்கும் சம்பளத்துக்கும் நடுவே வேலியாக நின்றது அச்சடித்த கோடு. கணினிக் கோப்பில் கோடு இல்லை; ஓர் எழுத்துக்குறியே வேலி.

1972-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் போர்ட்ரான் நிரல், காற்புள்ளியால் பிரித்த விவரங்களைப் படிக்கலாயிற்று. 1979-இல் விசிகால்க் என்னும் கணினி விரிதாள் பிறந்தது. விரிதாளுக்கு அனுப்பும் பட்டியல்களில் காற்புள்ளியே பெருவழக்காயிற்று.

ஆனால், "லாபிஸ், ஜொகூர்" என்று முகவரி எழுதினால் அதிலேயே காற்புள்ளி இருக்கிறதே! கணினி அதை இரண்டு கட்டமாக வெட்டிவிடும். அடுத்து வரும் சம்பளத் தொகை ஒரு கட்டம் தள்ளிப்போய் விழும். சாய்கோட்டை வேலியாக்கலாமா? நம் பெயர்களில் வரும் ஏ/எல், ஏ/பி இரண்டாக உடையும். ஜெர்மானியர் தசமத்துக்கே காற்புள்ளி இடுவதால், அங்கே அரைப்புள்ளியால் பிரிக்கிறார்கள்.

2005-இல் வெளிவந்த ஆர்.எப்.சி. 4180 என்னும் ஆவணம், நடைமுறையில் இருந்த தீர்வை எழுத்தில் வைத்தது: காற்புள்ளி கொண்ட விவரத்தை இரட்டை மேற்கோள் குறிக்குள் அடைத்துவிடுக.

அலுவலகத்தில் பட்டியல் தயாரிக்கும் நம் பிள்ளைகள், விவரத்துக்குள் வராத குறியையே வேலியாகத் தேர்ந்தெடுக்கட்டும், வந்தால் மேற்கோளிடட்டும். கட்டம் மாறினால் உழைத்தவர் கணக்கு மாறிவிடும் அன்றோ!