கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் இல்லை

தொப்பூர் என்றால் நமக்குக் கணவாயும் லாரிகளும்தான் ஞாபகம் வரும். சாலையை விட்டு இறங்கினால் மழையை நம்பிக் கிடக்கும் மானாவாரிக் காடு. இப்படிப்பட்ட நாட்டில் ஏரிகளை உயிரோடு வைத்திருந்த வழக்கம் குடிமராமத்து. கோடையில் குடிகள் மண்வெட்டியோடு இறங்கி வண்டல் அள்ளுவார்கள், கரையைப் பலப்படுத்துவார்கள்.

அழகான கதைதான். ஆனா மண் சுமந்தது யார், கணக்கு எழுதினது யார்னு கேட்டால் கதை கொஞ்சம் மாறும்.

முதலாம் பராந்தகன் காலத்து (919, 921) உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுத்ததைச் சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் போடக் கூடாது. எவ்வளவு கறார்! ஆனால் அந்தச் சபை நிலமுள்ள பிராமண ஆண்களுடையது. மண் சுமந்தவருக்கு அங்கே ஓலை இல்லை.

1858இல் சென்னை மாகாணத்தில் ஆங்கிலேயர் சட்டமே போட்டார்கள்: வழக்கமான மராமத்து வேலைக்கு வராதவரிடம் பணம் வசூலிக்கலாம். வழக்கம் சட்டக் கட்டாயமானது. 2017இல் தமிழக அரசு 100 கோடி ரூபாயில் குடிமராமத்தை மறுபடி தொடங்கியது. அதில் பத்து சதவீதம் விவசாயிகளின் பங்கு. பணமாகத் தரலாம், உழைப்பாகவும் தரலாம். மொத்தத் தொகையை முடிவு செய்தது சென்னை.

உழைப்பு எப்பவும் ஊருடையது. பேனா மட்டும் கை மாறிக்கொண்டே இருந்தது.

இன்று உத்திரமேரூரில் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. ஊராட்சியின் வரவு செலவு கிராம சபையில் வைக்கப்பட வேண்டும். வாக்காளர் யாரும் கேள்வி கேட்கலாம். கரையில் மண் கொட்டப் போகிற இளைஞர்கள் அந்தக் கூட்டத்துக்கும் போய், "ஏரிக்கு எவ்வளவு?"ன்னு கேட்க வேண்டும். அதுவும் மராமத்து வேலைதான்.