மூன்று சிறகுகள்

மாடம் எழுப்புதல் தமிழர்க்குப் புதிதன்று. 1010ஆம் ஆண்டில் முதலாம் இராசராசன் நிறைவேற்றிய தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானம் ஏறத்தாழ 60 மீட்டர் உயர்ந்து நிற்கின்றது. அடி அகன்று, மேலே செல்லச் செல்லக் குறுகி, கருங்கல்லின் எடையாலேயே அது நிலைபெற்றது. ஆயினும், எடையை மட்டும் நம்பும் இம்முறையில் உயரத்திற்கு ஓர் எல்லை உண்டு. மேலும் மேலும் உயர்த்தினால் அடித்தளம் முழுவதும் சுவராகவே நிறைந்து, மனிதர் வாழ இடமிராது.

அவ்வெல்லையைக் கடந்த கட்டடங்களுள் தலைசிறந்தது துபாய் நகரத்துப் புர்ஜ் கலீஃபா. 2010 ஜனவரி 4ஆம் நாள் திறக்கப்பெற்ற அதன் உயரம் 828 மீட்டர். 24 பெட்டிகள் கோத்த விரைவுவண்டியை எஞ்சினோடு செங்குத்தாக நிறுத்தினாலும் அதன் உச்சியை எட்டாது என்றால், இருப்புப்பாதைப் பணியில் நாள் கழிக்கும் நமக்கு அவ்வுயரம் ஒருவாறு விளங்கும். இதனை வடிவமைத்த சிற்பி ஏட்ரியன் ஸ்மித்; பொறியியலைக் கண்டவர் வில்லியம் பேக்கர்.

இத்தகைய கட்டடத்திற்கு எடையினும் பெரும்பகை காற்றே. அதனை வெல்ல அவர்கள் கண்ட வழி எளியது. நடுவே அறுகோண வடிவில் ஒரு தண்டு. அதிலிருந்து மூன்று திசைகளில் மூன்று சிறகுகள். ஒரு சிறகைக் காற்று தள்ளும்போது மற்ற இரண்டும் முட்டுக்கொடுத்துத் தாங்குகின்றன. கட்டடம் முறுகாதவாறு நடுத்தண்டு காக்கின்றது. மேலும், ஊஞ்சலை ஒரே தாளத்தில் தள்ளினால் வீச்சு பெருகுமன்றோ? காற்றுச் சுழல்களுக்கு அத்தகைய தாளம் கிட்டாதபடி, உயர உயரச் சிறகுகள் படிப்படியாக உள்வாங்கி வடிவம் மாறுகின்றன. தரைக்கடியில் 192 கான்கிரீட் தூண்கள் சுமார் 50 மீட்டர் ஆழம் வரை இறங்கி, முழுச் சுமையையும் ஏற்கின்றன.

நடுத்தண்டும் சிறகுகளும் என்றவுடன் அந்தமானில் வாழும் நம் நெஞ்சில் தோன்றுவது செல்லுலார் சிறையே. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேயரில், 1896இல் தொடங்கி 1906இல் அது கட்டிமுடிக்கப்பெற்றது. நடுவே ஒரு கோபுரம். சக்கரத்தின் ஆரங்களைப் போல் ஏழு சிறகுகள். ஒவ்வொன்றும் மூன்று அடுக்கு. 690க்கு மேற்பட்ட தனியறைகள் இருந்தன. கட்டியவர்களும் கைதிகளே.

வடிவம் ஒன்றுபோல் தோன்றினும் நோக்கம் வேறு. துபாயில் சிறகுகள் ஒன்றையொன்று தாங்குகின்றன. இங்கோ, ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகையே நோக்குமாறு அமைத்தனர். அறையிலிருப்பவன் மற்றொருவன் முகத்தைக் காணலாகாது என்பதே கணக்கு. நடுக்கோபுரம் சிறகுகளைத் தாங்க எழுந்ததன்று. காவலன் நின்று எல்லாப் புறமும் நோக்க எழுந்தது. மனிதரைப் பிரிப்பதற்கும் பொறியியல் துணைபோகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ!

காலம் அக்கணக்கைக் குலைத்தது. 1941 ஜூன் மாத நிலநடுக்கம் அதற்குச் சேதம் விளைவித்தது. பிற்காலத்தில் சிறகுகள் சில இடிக்கப்பெற்றன. 1963இல் அவ்வளாகத்தில் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை அமைந்தது. எஞ்சியதையேனும் காக்க வேண்டுமென்று, அங்கே வாடிய விடுதலை வீரர்களே குரல் எழுப்பினர். 1979 பிப்ரவரி 11ஆம் நாள் பிரதமர் மொரார்ஜி தேசாய் அதனைத் தேசிய நினைவுச்சின்னமாக நாட்டுக்கு அர்ப்பணித்தார். இன்று நிற்பவை நடுக்கோபுரமும் மூன்று சிறகுகளுமே.

உலகின் உயர்ந்த மாடத்திற்கும் மூன்று சிறகுகள். நம் ஊர்ச் சிறையில் எஞ்சியவையும் மூன்று. முன்னதை எழுப்பக் கடல் கடந்து சென்று உழைத்தோர் தெற்காசியத் தொழிலாளர் பல்லாயிரவர். பின்னதை எழுப்பியோர் விலங்கு பூண்டு கடல் கடந்தோர். கட்டியவரின் வியர்வையையும், கட்டியதன் நோக்கத்தையும் கேளாது உயரத்தை மட்டும் வியத்தல் முறையாகாது.

பல ஊர்களிலிருந்து இத்தீவுக்கு வந்து கூடிய நாம், நம் சிறார்க்கு இவ்விரு கட்டடங்களையும் ஒருங்கே விளக்குவோமாக. கூடி வாழும் சங்கத்திற்கு எவ்வமைப்பு உகந்ததென அவர்களே தேர்ந்துகொள்வர்.